முள் ஆடும், சத்தம் வராது

என் கல்யாணச் சீரிலேயே பார்க்க அழகாக இருந்த பொருள் அந்த ரேடியோ ஒன்றுதான். மூன்று வருஷம் என் நிம்மதியைக் கெடுத்ததும் அதுதான்.

எழுபதுகளின் கடைசி அது. பெரம்பலூருக்குப் பக்கத்தில் பருத்தி விளைகிற ஒரு கிராமம் என் பிறந்த ஊர். வாக்கப்பட்டது அரியலூர் டவுனில். மாப்பிள்ளை வீட்டில் கேட்டது ஒரு சைக்கிள், ஒரு வாட்ச், ஒரு ரேடியோ. முதல் இரண்டையும் திருச்சியில் வாங்கிவிட்டோம். ரேடியோவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று என் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து எழுதிவிட்டான். அங்கே கப்பல் பட்டறையில் அவனுக்கு வெல்டிங் வேலை. அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது, மாப்பிள்ளை பார்த்தது எல்லாம் அவன்தான்.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் வந்து இறங்கினான். அட்டைப் பெட்டியைப் பிரித்து வெள்ளைத் தெர்மகோலை எடுத்ததும் எங்கள் தெருவே கூடிவிட்டது. முழ நீளத்துக்கு மரப் பெட்டி. தேக்கு மாதிரி ரேகை ஓடும், மேலே கை வைத்தால் வழுக்கும். முன்பக்கம் முழுக்க வெள்ளி நிறத்தில் கனமான அலுமினியத் தகடு. அதன் நடுவே நீளக் கண்ணாடி, அதில் இரண்டு வரிசை எண்கள். இடது ஓரத்தில் தீப்பெட்டி அளவில் இரண்டு குட்டி மீட்டர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு முள். வலது பக்கம் ஒரு பெரிய குமிழ். அதைச் சும்மா ஒரு சுண்டு சுண்டிவிட்டால் போதும், கண்ணாடிக்குப் பின்னால் சிவப்புக் கோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தானாக ஓடி நிற்கும். உள்ளே கனமான சக்கரம் ஒன்று வைத்திருக்கிறார்கள் என்றான் அண்ணன். அந்தக் குமிழைச் சுண்ட சித்தப்பாக்கள் வரிசையில் நின்றார்கள்.

போட்டுப் பார்க்கத்தான் முடியவில்லை. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்திருக்கவில்லை. வந்திருந்தாலும் அம்மா விட்டிருக்க மாட்டாள். சீர்ப் பொருளைக் கொடுக்கும் முன்னால் நாம் புழங்கக் கூடாது என்பாள். அதனால் மஞ்சள் குங்குமம் வைத்து, பலகையில் ஏற்றி, மேளத்தோடு இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். சீர் வரிசையில் அண்ணன் அதன் பக்கத்திலேயே நடந்தான். மாப்பிள்ளைக்குப் பின்னால் போவது மாதிரி அத்தனை பெருமை முகத்தில். மறுவீடு முடிந்த அன்றே சிங்கப்பூருக்குக் கிளம்பிவிட்டான், லீவு அவ்வளவுதான்.

என் மாமியார் நல்ல நாள் பார்த்து வெள்ளிக்கிழமை காலையில் பிளக்கைச் சொருகச் சொன்னார். சூடம் காட்டினார்கள். சுவிட்சைத் தட்டியதும் அந்தக் கண்ணாடி முழுக்க இளம்பச்சையாக வெளிச்சம் பரவியது. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆ என்றார்கள். என் வீட்டுக்காரர் குமிழைத் திருப்பினார். சிவப்புக் கோடு நகர்ந்தது. மீட்டரில் முள் எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. இருந்த எல்லாக் குமிழையும் திருகினார், இருந்த எல்லா சுவிட்சையும் மேலே கீழே தட்டினார். ஒரு கரகரப்புகூட இல்லை.

"என்னடி இது? லைட்டெல்லாம் எரியுது, வாயத் தொறக்க மாட்டேங்குதே" என்றார் மாமியார்.

அன்று சாயங்காலத்துக்குள் தெருவில் அதற்கு ஊமை ரேடியோ என்று பேர் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் கடைத்தெருவிலிருந்து ஒரு ரேடியோ ரிப்பேர்காரரைக் கூட்டி வந்தார்கள். அவர் மூடியைக் கழற்றி வெகுநேரம் உள்ளே பார்த்தார். பிறகு எழுந்து, "ஸ்பீக்கரக் காணோம். வர்ற வழியில யாரோ உருவிட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. மாமியார் இரண்டு நாள் யோசித்துவிட்டு, "வழியில எதுக்கு உருவுறான்? ஒங்க அண்ணனே கழட்டி வச்சுக்கிட்டானோ என்னமோ" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. புதுப் பெண், பதில் பேசக் கூடாது. பின்கட்டுக்குப் போய், தேய்த்து வைத்த பாத்திரத்தையெல்லாம் மறுபடி எடுத்துத் தேய்த்தேன்.

நான் பி.யு.சி. வரை படித்தவள். பெட்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு டிக்‌ஷனரியோடு உட்கார்ந்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு படம். மேலே நம் பெட்டி. அதற்குக் கீழே அதே மாதிரி முகமுள்ள இன்னொரு பெட்டி. இரண்டுக்கும் நடுவில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஒயர். கீழ்ப் பெட்டியிலிருந்து கிளம்பிய ஒயர்கள் இரண்டு பக்கமும் நிற்கிற பெரிய ஸ்பீக்கர்களுக்குப் போயின. படத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. பிறகு ஒவ்வொரு வரியாகப் படித்து உறுதிப்படுத்திக்கொண்டேன். எங்கள் வீட்டில் இருந்தது ரேடியோவே இல்லை. அது ட்யூனர். ஸ்டேஷனைப் பிடிப்பதோடு அதன் வேலை முடிந்தது. பிடித்ததைச் சத்தமாக்க ஆம்ப்ளிஃபயர் என்று தனியாக ஒரு பெட்டி வேண்டும். வசதி உள்ளவர்கள் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு பெட்டி வாங்கி அடுக்கி வைப்பார்களாம். அப்போதுதான் சத்தம் சுத்தமாக இருக்குமாம்.

என்ன நடந்திருக்கும் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துபோயிற்று. அண்ணன் ஒரு கடுதாசியில் எழுதியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை அவனுடைய சூப்பர்வைசர் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போனானாம். அங்கே ஒரு ரேடியோ பாடியதாம், பாடுகிறவர் அறைக்குள் நிற்கிற மாதிரியே இருந்ததாம். அடுக்கி வைத்ததில் எது வெளிச்சமாக இருந்ததோ, எதில் முள் ஆடியதோ, அதுதான் பாடுகிறது என்று நினைத்துவிட்டான். அதே மாதிரியைத் தேடிப் பிடித்து, ஒரு வருஷ சம்பாத்தியத்தைக் கொட்டி வாங்கியும்விட்டான். கீழே இருட்டாக இருந்த பெட்டியையும் மூலையில் நின்ற மரப்பெட்டிகளையும் யார் பார்ப்பார்கள்? நானாக இருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன்.

என் வீட்டுக்காரரிடம் படத்தைக் காட்டினேன். ஒருவிதத்தில் நல்ல மனுஷர், புரிந்துகொண்டார். "சரி, மச்சானுக்கு எழுது, அந்தக் கீழ்ப் பொட்டியையும் அனுப்பச் சொல்லு" என்றார்.

"நாமளே இங்க ஒண்ணு வாங்குனா என்னங்க?"

"அதெப்புடி? சீர்னா முழுசாத்தானே குடுக்கணும்? அம்மா ஒத்துக்காது."

அண்ணனுக்கு எழுத மாட்டேன் என்றேன். யாரும் எழுதக் கூடாது, எழுதினால் அன்றைக்கே பெரம்பலூர் பஸ் ஏறிவிடுவேன் என்றும் சொன்னேன். நான் கோபத்தில் சொன்னால் செய்கிறவள் என்பது அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பலகைக்குப் பக்கத்தில் அவன் நடந்து வந்த நடை என் கண்ணிலேயே நின்றது. நீ கொடுத்தது பாதிப் பொருள், ஊரே சிரிக்கிறது என்று எந்தக் கையால் எழுதுவது? அவனுக்கு இது தெரியவே கூடாது என்று முடிவு செய்தேன். அவன் அடுத்த தடவை வருவதற்குள் எப்படியாவது பாட வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் என் வைராக்கியம்.

அண்ணனின் முதல் ஏரோகிராம் கடுதாசி வந்தது. 'ரேடியோ எப்படி இருக்கிறது?' என்று கேட்டிருந்தான். 'நன்றாகப் பாடுகிறது. எல்லோரும் உன்னை மெச்சுகிறார்கள்' என்று எழுதினேன்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு மெக்கானிக் இருந்தார், விஷயம் தெரிந்தவர் என்றார்கள். மடியில் ட்யூனரை வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். குழியில் பஸ் இறங்கும்போதெல்லாம் பெட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அவர் பின்பக்கம் திருப்பிப் பார்த்ததுமே, "ஓ, இது ட்யூனருங்களே!" என்றார். அந்தச் சொல்லை இன்னொரு வாயால் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பின்னாலிருந்த கறுப்புக் குச்சி மாதிரியான ஏரியலை வெளியே இழுத்துத் திருப்பினார். காதில் வைக்கிற சின்ன குமிழ் ஒன்றை எடுத்து, அதன் ஒயரைப் பின்பக்கத்து வெள்ளைத் துளையில் மாட்டி என்னிடம் கொடுத்தார். காதில் வைத்தேன். திருச்சி பேசிக்கொண்டிருந்தது. ஊசி முனை அளவு சத்தம், ஆனால் அத்தனை தெளிவு. அறிவிப்பாளர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.

"செட்டு ராஜா மாதிரி இருக்குங்க. இதுல பாதி வேல நம்ம ஊர்ல இல்லாத ஸ்டேஷனுக்கு" என்றார் மெக்கானிக். மேல் வரிசை எண்கள் எஃப்.எம். என்ற வேறு விதமான ஒலிபரப்புக்காம். மெட்ராசில் ஏதோ தொடங்கியிருக்கிறார்களாம், அது இங்கே எட்டாதாம். இரண்டு மீட்டரில் ஒன்று அதற்குத்தான். ஸ்டீரியோ என்று சிவப்பாக எரிகிற குட்டி விளக்கு, இரைச்சலை அடக்குகிற சுவிட்ச் எல்லாமே அதற்குத்தான். நமக்கு ஆவது கீழ் வரிசை மட்டும். அதிலும் சிற்றலை கிடையாது, சிலோன் வராது. கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரம் ஏறியது. இத்தனை யோசித்துச் செய்தவன் உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு ஸ்பீக்கரை வைத்தால் என்ன குறைந்தா போய்விடுவான்?

சின்னதாக ஒரு ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் பண்ணித் தருகிறேன் என்றார் மெக்கானிக். ஒரு மாசத்தில் முடிந்துவிடும் என்றார். ஒன்றரை வருஷம் நடந்தேன். டிரான்ஸ்ஃபார்மர் திருச்சியிலிருந்து வர வேண்டும், வந்தது சரியில்லை, கண்டென்சர் கிடைக்கவில்லை, அவருடைய மச்சினனுக்குக் கல்யாணம். கடைசியாகப் போனபோது கடையில் ஒரு துணிக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் துபாய்க்குப் போய்விட்டாராம்.

இதற்குள் மெக்கானிக்கிடம் ஒரு நாளைக்கு இரவல் வாங்கி வந்த காதுக்குமிழை வைத்து மாமியாருக்கு நிரூபித்துவிடலாம் என்று பார்த்தேன். காதில் வைத்துக் கேட்டார். "பேசுது" என்று ஒப்புக்கொண்டார். குமிழைக் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஒருத்தர் காதுல ஓதுறதுக்குப் பேரு ரேடியோவா?" என்றார். எனக்கே அது நியாயமாகத்தான் பட்டது.

கொடுமையிலும் கொடுமை லைசென்ஸ். அப்போது ரேடியோ வைத்திருந்தால் போஸ்ட் ஆபீசில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். சீர் வந்ததை ஊரே பார்த்திருந்தது, மறைக்க வழியில்லை. கவுன்டரில் இருந்தவர், "எத்தன பேண்டும்மா?" என்று அலைவரிசைக் கணக்கைக் கேட்டார். "ரெண்டு சார். ஒண்ணு இங்க வராது, இன்னொண்ணு வரும், ஆனா கேக்காது" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

வீட்டில் அது ஒரு மேஜையாகிவிட்டது. மேலே குரோஷா பின்னிய துணி, அதன் மேல் பிளாஸ்டிக் பூ. விருந்தாளி வந்தால் மாமியார் சுவிட்சைப் போடுவார். "பாருங்க, எப்புடி எரியுது!" முள் ஆடுவதை வேடிக்கை காட்டுவார்கள். நான் மட்டும் தனியாக இருக்கும்போது குமிழைத் திருப்பி, ஒன்பதைத் தாண்டிக் கொஞ்சம் நகர்த்துவேன். அங்கே முள் விறைப்பாக மேலே போய் நிற்கும். அதுதான் திருச்சி. உள்ளே யாரோ பாடிக்கொண்டிருக்கிறார், பெட்டிக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. சில நாள் அதை ஓங்கி ஒரு அறை அறையலாம் போலிருக்கும்.

அண்ணனுடைய கடுதாசி மட்டும் தவறாமல் வந்தது. ஒவ்வொன்றிலும் கடைசி வரிக்கு முன்னால் அதே கேள்வி. 'ரேடியோ எப்படி இருக்கிறது? குறை ஏதும் இருந்தால் தயங்காமல் எழுது.' ஒவ்வொன்றுக்கும் அதே பதில். பொய் சொல்லச் சொல்லக் கை பழகிவிட்டது. போகப் போக அலங்காரமும் சேர்த்தேன். தெருவில் எல்லோரும் இங்கே வந்துதான் பாட்டுக் கேட்கிறார்கள் என்றுகூட ஒரு தடவை எழுதினேன்.

எனக்கு மகன் பிறந்தான். மூன்றாம் வயதில் காது குத்துவது என்று தீர்மானமாயிற்று. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அண்ணன் லீவு எழுதிப் போட்டுவிட்டான். என் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக வருகிறான், நேராக இந்த வீட்டுக்கு வரப்போகிறான். எனக்குத் தூக்கம் போயிற்று.

அப்போதுதான் புத்தியில் தட்டியது. விசேஷத்துக்கு மைக் செட் வைப்பார்களே! மைக் செட்டில் இருப்பது ஆம்ப்ளிஃபயர்தானே! மூன்று வருஷம் எங்கெங்கோ தேடிய பெட்டி, தெருவில் நடக்கிற ஒவ்வொரு கல்யாணத்துக்கும் என் வாசலைத் தாண்டித் தள்ளுவண்டியில் போயிருக்கிறது. என்னை நானே திட்டிக்கொண்டேன். சவுண்ட் சர்வீஸ்காரரைப் போய்ப் பார்த்தேன். "ரெக்கார்டு பிளேயர் மாட்டுற எடத்துல மாட்டிக்கலாம்க்கா. ஒயர் மட்டும் நான் செஞ்சு கொண்டாறேன்" என்றார். அவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார்.

காதுகுத்து அன்று காலையில் கல்லங்குறிச்சி கோயிலில் பையனுக்கு மொட்டை போட்டுவிட்டு, பகல் பொழுதுக்கு வீடு திரும்பினோம். வாசலில் பந்தல். வேப்பமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. கூடத்தில் ட்யூனர், குரோஷா துணியை எடுத்து, தகட்டைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தேன். அண்ணன் இளைத்திருந்தான், முன்மண்டையில் முடி கொட்டியிருந்தது. "வாங்க தம்பி" என்றார் மாமியார், ஒன்றும் சொல்லிவிடாதீர்கள் என்று முந்தின நாளே நான் அவர் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டிருந்தேன். அண்ணன் உள்ளே வந்ததும் முதலில் பார்த்தது ட்யூனரைத்தான்.

பையனை மடியில் வைத்துக்கொண்டு மணையில் உட்கார்ந்தான். நான் சவுண்ட் சர்வீஸ்காரருக்குக் கண் காட்டிவிட்டு, சுவிட்சைத் தட்டி, முள்ளை மேலே ஏற்றினேன். வேப்பமரத்திலிருந்து திருச்சி முழங்கியது. தெரு முழுக்க, ரயில்வே கேட் வரைக்கும் கேட்டிருக்கும். மூன்று வருஷம் கழித்து அந்தப் பெட்டி வாய் திறந்து பேசிய முதல் பேச்சு, நெற்பயிரில் குருத்துப்பூச்சியை எப்படி ஒழிப்பது என்பது. ஆசாரி ஊசியை எடுத்தார். ஏக்கருக்கு எவ்வளவு மருந்து என்று குழாய் அலறியது. பையன் அதற்கு மேல் அலறினான்.

எனக்கு அதெல்லாம் ஒன்றுமே இல்லை. பேசிவிட்டது, அது போதும். பந்தலில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமியார்கூட வாயில் கை வைத்தார்.

ஐந்து நிமிஷம் இருக்கும். மாமியாரின் தம்பி பந்தலிலிருந்து எழுந்து, "என்னப்பா இது, காது குத்துற வூட்டுல பூச்சி மருந்து? பாட்டப் போடுப்பா!" என்று கத்தினார். சவுண்ட் சர்வீஸ்காரர் என்னைக் கேட்கவே இல்லை. ட்யூனரின் ஒயரை உருவிவிட்டு ரெக்கார்டு பிளேயரை மாட்டினார். வேப்பமரம் சினிமாப் பாட்டுப் பாட ஆரம்பித்தது. ஓடிப்போய் அவர் கையைத் தட்டிவிடலாமா என்றிருந்தது.

பையனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அண்ணன் கூடத்துக்கு வந்தான். ட்யூனர் இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. முள் மேலே நின்று துடித்துக்கொண்டிருந்தது. சத்தம் இல்லை. கீழே சிவப்பும் வெள்ளையுமாக ஒயர் தரையில் கிடந்தது. அண்ணன் குனிந்து அதை எடுத்துப் பார்த்தான்.

"இன்னைக்குத்தான் மாட்டுனியா?"

"இல்லண்ணே... எப்பவும்..." என்று இழுத்தேன். மேலே பொய் வரவில்லை.

"நான் இங்கேருந்து போயி ரெண்டாம் மாசமே எனக்குத் தெரியும் பாப்பா. சூப்பர்வைசர் வூட்டுக்கு மறுபடி வேலைக்குப் போனேன். அவரு கீழ்ப் பொட்டிய அமத்துனாரு, பாட்டு நின்னுபோச்சு. மேல லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அப்பத்தான் எனக்கு ஒறச்சுது."

ஒயரை விரலில் சுற்றிக்கொண்டே மேலே சொன்னான்.

"ஆம்ப்ளிஃபயரு, ரெண்டு ஸ்பீக்கரு எல்லாம் வாங்கிட்டேன். ரெண்டு வருசமா என் கட்டிலுக்கு அடியில கெடக்கு, பிரிக்கவே இல்ல. நீ ஒரு வார்த்த எழுதுனா அனுப்பிரலாம்னுதான் ஒவ்வொரு கடுதாசியிலயும் கேட்டேன். நீ நல்லாப் பாடுதுன்னு எழுதுற. இவங்களே வாங்கி மாட்டிக்கிட்டாங்கபோலன்னு இருந்துட்டேன். நானா இன்னொரு பொட்டியத் தூக்கிக்கிட்டு வந்தா, அன்னைக்கு அரைச் சாமானக் குடுத்துட்டேன்னு நானே தண்டோரா போட்டாப்ல ஆயிராதா?"

"தெரிஞ்சதை எழுதியிருக்கலாம்லண்ணே?" எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "ஊமை ரேடியோக்காரின்னு மூணு வருசம் பேரு வாங்கியிருக்கேன்!"

"நீ எழுதியிருக்கலாம்ல?"

வெளியே பாட்டு முடிந்து ரெக்கார்டை மாற்றினார்கள். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. பையன் அவன் தோளிலிருந்து எட்டி, பெரிய குமிழைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினான். சிவப்புக் கோடு ஓடியது, முள் விழுந்தது.

அண்ணன் பதினைந்து நாளில் கிளம்பினான். அவன் ஊர் போய்ச் சேர்ந்த கடுதாசி வந்தது. இந்தத் தடவை அவன் ரேடியோவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஏரோகிராமை விரித்துவைத்துக்கொண்டு நான் பதில் எழுத உட்கார்ந்தேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கி, பையனுக்குக் காதில் புண் ஆறிவிட்டது என்று எழுதி, கடைசிக்கு வந்தபோது, யாரும் கேட்காமலேயே, 'ரேடியோ நன்றாகப் பாடுகிறது' என்று கை எழுதிவிட்டது.

வேறு ஏரோகிராம் இருந்தது, ஆனால் எடுக்கவில்லை. அந்த வரியை, அடியில் இருப்பது அவனுக்குத் தெரிகிற மாதிரி, ஒரே ஒரு கோடு போட்டு அடித்தேன். அதன் கீழே எழுதினேன்: 'ரேடியோ பேசவில்லை அண்ணா. கட்டிலுக்கு அடியில் இருப்பதை அனுப்பு.'